அப்பாவின் குடல் ரத்தக்குழாயில் 70% சுருக்கம், ஆனால் வலியே இல்லை. இனி என்ன?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அப்பாவுக்கு வயது 71. மூன்று வாரத்துக்கு முன்னால் சிறுநீரில் ரத்தம் வந்ததால் மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்ப்பையில் ஒரு கல் இருந்தது, எடுத்தாகிவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் வேறொன்றும் இருந்தது. சுபீரியர் மெசன்டெரிக் ஆர்ட்டரி தொடங்கும் இடத்தில் கால்சியம் படிந்து ஏறக்குறைய 70% சுருக்கம், சீலியாக் ஆர்ட்டரியில் 50 முதல் 60%, இன்ஃபீரியர் மெசன்டெரிக் ஆர்ட்டரி திறந்திருக்கிறது. மூன்றுமே வயிற்றுக்கும் குடலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்களாம். கல்லை எடுத்த டாக்டர் அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டு, "இதை ஒரு ரத்தக்குழாய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்" என்றார்.

காட்டினோம். முதலில் பார்த்தவர், "ரத்தம் நின்றால் குடல் அழுகிவிடும், இந்த வாரமே ஸ்டென்ட் வைத்துவிடலாம்" என்றார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு ஊரில் இன்னொருவரிடம் போனோம். அவர் அப்பாவின் சாப்பாட்டைப் பற்றியே கால் மணி நேரம் கேட்டார். கடைசியில், "வலி இல்லை, எடை குறையவில்லை. இப்போதைக்கு மாத்திரை போதும்" என்று அனுப்பிவிட்டார்.

அப்பா 40 வருடம் பீடி பிடித்தவர். நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. பிபி உண்டு, சுகர் இல்லை. நன்றாகத்தான் சாப்பிடுகிறார். ஆனால் இப்போது அவர் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் நாங்கள் நாலு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் என்ன ஆகிறது? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செம்பருத்தி

தம்பி, தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் அம்மாவை இந்த நோயில்தான் இழந்தேன்.

சாப்பிட்டு அரை மணி நேரம் ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவார். இரண்டு மணி நேரத்தில் வலி தானாக விட்டுவிடும். எட்டு மாதம் இப்படியே போனது. மூன்று முறை எண்டோஸ்கோப்பி செய்தார்கள். வாயு மாத்திரை தந்தார்கள். ஒரு மருத்துவமனையில் மனக்கவலைதான் காரணம் என்று தூக்க மாத்திரை எழுதினார்கள். அம்மாவுக்குச் சாப்பாட்டைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. ரசம் சாதம் இரண்டு கரண்டி, அதோடு தட்டைத் தள்ளிவிடுவார். 52 கிலோ இருந்தவர் 38 ஆனார். அவருடைய ரவிக்கைகளை நானே இரண்டு முறை பிடித்துத் தைத்தேன்.

ஒரு நாள் ராத்திரி வலி வந்தது, விடவே இல்லை. அம்மா அலறினார். தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கிறது, காலையில் ஸ்கேன் பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் மதியம் வயிற்றைத் திறந்தபோது சிறுகுடல் முழுவதும் கறுத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியவில்லை.

உங்கள் அப்பாவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அந்த வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதைத் தவறவிடாதீர்கள்.

பழைய ஸ்டெத்

ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படத்தைப் பார்க்காமல் ஒருவருடைய சிகிச்சையை முடிவு செய்ய முடியாது, எனவே பொதுவான விளக்கம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் செம்பருத்தி அம்மாவுக்கு. உங்கள் தாயார் எட்டு மாதம் தன் நோயைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். சாப்பிட்டதும் வலி, சாப்பிடப் பயம், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்தால் குடல் தமனிகளைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் விட்டது பெரிய தவறு. படித்து மனம் கனத்துப் போனது. ஆனால் அது அறிகுறி இருந்த நோய். வைகைக்கரை கேட்பது அறிகுறியே இல்லாத சுருக்கம். இரண்டுக்கும் தமனி ஒன்றுதான், போக்கு வேறு.

வயிற்றுக்குள் பெருந்தமனியிலிருந்து மூன்று குழாய்கள் முன்பக்கமாகப் பிரிகின்றன. மேலே சீலியாக். அது இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்குப் போகிறது. அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே சுபீரியர் மெசன்டெரிக், நாங்கள் எஸ்எம்ஏ என்போம். சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதும், பெருங்குடலின் முதல் பாதியும் அதன் பொறுப்பு. இன்னும் கீழே இன்ஃபீரியர் மெசன்டெரிக், அதாவது ஐஎம்ஏ. மூன்றும் தனித்தனியாக ஓடவில்லை. கணையத்தின் தலையைச் சுற்றி ஒரு வளையம் சீலியாக்கையும் எஸ்எம்ஏவையும் இணைக்கிறது. பெருங்குடலின் ஓரமாக ஓடும் டிரம்மண்ட் தமனியும், ரியோலான் வளைவு என்று சொல்லப்படும் இணைப்பும் எஸ்எம்ஏவையும் ஐஎம்ஏவையும் இணைக்கின்றன. ஐஎம்ஏவுக்குக் கீழே இடுப்புக்குழித் தமனிகளிலிருந்தும் ரத்தம் வந்து சேரும். ஒரு ஏரிக்கு மூன்று வாய்க்கால் இருந்து, அந்த வாய்க்கால்களுக்குள்ளும் குறுக்கு மடை வெட்டியிருப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மண் மேடிட்டால் மற்றது பாயும். அதுவும் சுருக்கம் பல வருடமாக மெதுவாக வளர்ந்தால், குறுக்கு மடைகள் அதற்கேற்ப அகலமாகிக்கொண்டே போகும். பெருத்துப்போன ரியோலான் வளைவை அறுவை மேசையில் என் சுண்டுவிரல் தடிமனுக்குப் பார்த்திருக்கிறேன்.

உடம்பு ஓய்வில் இருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்டதும் அது இன்னும் கூடும். கூட வேண்டிய நேரத்தில் கூட முடியாமல் போனால்தான் வலி வரும். உங்கள் அப்பா வயிறாரச் சாப்பிட்டும் வலி இல்லை என்றால், அவருடைய குறுக்கு மடைகள் அந்தக் கூடுதல் ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்று பொருள். அதனால்தான் இரண்டாவது டாக்டர் கால் மணி நேரம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அவர் கேட்டதுதான் பரிசோதனை.

அமெரிக்காவில் வட கரோலினாவின் ஃபோர்சைத் கவுன்டியில் 553 முதியவர்களுக்கு டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட், செய்து பார்த்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. 17.5 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு குடல் தமனியில் கடுமையான சுருக்கமோ அடைப்போ இருந்தது. அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் அல்ல, வீட்டில் இருந்தவர்கள். சராசரியாக ஆறரை வருடம் தொடர்ந்து பார்த்தபோது, சுருக்கம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்ததாகவோ, குடலுக்கு ரத்தம் போதாத நோய்க்குப் போனதாகவோ தெரியவில்லை. அந்தத் தொடர் முடிவு 2006-ல் வெளியானது.

அதற்கு முன்பு, 1998-ல் கான்சாஸிலிருந்து ஒரு ஆய்வு. 980 பேருடைய பெருந்தமனிப் படங்களைத் திரும்பப் பார்த்து, ஏதாவது ஒரு குடல் தமனியில் பாதிக்கு மேல் சுருக்கம் இருந்தும் அறிகுறி இல்லாத 60 பேரைத் தொடர்ந்தார்கள். நான்கு பேருக்குக் குடல் ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டது. அந்த நான்கு பேருக்குமே மூன்று தமனிகளும் கெட்டிருந்தன. மூன்றும் கெட்டவர்கள் மொத்தம் 15 பேர்தான்.

ஆகவே ரிப்போர்ட்டில் 70 என்ற எண்ணைவிட, எத்தனை குழாய் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் அப்பாவுக்கு ஐஎம்ஏ திறந்திருக்கிறது. அது நல்ல செய்தி.

வைகைக்கரை

டாக்டர் ஐயா, ரொம்ப நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏரி, வாய்க்கால் என்றதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரே கண்மாயை நம்பிய ஊர்.

செம்பருத்தி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. எழுதியதற்கு நன்றி.

கணக்குப்பிள்ளை

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன், மருத்துவன் அல்ல. என் மாமனாருக்கும் இதே மாதிரி ரிப்போர்ட் வந்ததால் அந்த வட கரோலினா ஆய்வைத் தேடிப் படித்திருக்கிறேன். டாக்டரை மறுக்க வரவில்லை. ஆனால் அந்த 17.5 சதவீதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கம் இருந்தவர்கள் 97 பேர். அதில் 83 பேருக்கு சீலியாக்கில் மட்டும் சுருக்கம். எஸ்எம்ஏ மட்டும் 5 பேர். இரண்டும் சேர்ந்து 7 பேர். மீதி 2 பேருக்கு சீலியாக் அடைத்தே போயிருந்தது. அதாவது வைகைக்கரையின் அப்பாவைப்போல இரண்டு குழாயும் பாதிக்கப்பட்டவர்கள் வெறும் 7 பேர். ஏழு பேருக்கு ஆறரை வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து எட்டாவது ஆளுக்கு உறுதி தர முடியாது. அந்த ஆய்வு நமக்கு உறுதியாகச் சொல்வது ஒன்றைத்தான்: சீலியாக்கில் மட்டும் சுருக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம்.

கான்சாஸ் ஆய்விலும் சராசரியாகத் தொடர்ந்தது இரண்டரை வருடம் சொச்சம். 71 வயதுக்காரர் இன்னும் 15 வருடம் இருப்பார் என்றுதானே நாம் நினைக்கிறோம்?

பழைய ஸ்டெத்

நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரி. சீலியாக் சுருக்கத்தில் ஒரு பகுதி கொழுப்புப் படிவே அல்ல. உதரவிதானத்தின் தசைநார் ஒன்று மேலிருந்து அந்தக் குழாயை அழுத்தும். மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் கூடும், படத்தில் தூண்டில் முள்போல வளைந்து தெரியும். இளம் வயதுக்காரர்களிடமும் உண்டு. பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் அதை அறியாமலே இருந்துவிடுகிறார்கள். (யாருக்காவது முப்பது வயதில் ரிப்போர்ட்டில் அப்படி வந்து வலியும் இல்லை என்றால், மூச்சை இழுத்துப் பிடித்தும் விட்டும் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள்.)

எனவே எஸ்எம்ஏவும் சீலியாக்கும் சேர்ந்து பாதிக்கப்பட்டவருக்கு "ஒன்றுமில்லை, மறந்துவிடுங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். "ஸ்டென்ட் வேண்டாம், ஆனால் கண்ணை எடுக்காதீர்கள்" என்பேன். 2021-ல் அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. அறிகுறி இல்லாதவரை நெருக்கமாகக் கவனித்து வர வேண்டும். மிகக் கடுமையாகப் பல குழாய்கள் கெட்டுப்போன சிலருக்கு மட்டும், நோயாளியோடு உட்கார்ந்து பேசி, முன்கூட்டிய சிகிச்சையை யோசிக்கலாம்.

ஏன் உடனே ஸ்டென்ட் வேண்டாம் என்கிறோம்? கால்சியம் படிந்த குழாய் வாயில் கம்பியை நுழைக்கும்போது படிவு உடைந்து துணுக்குகள் குடலுக்குள் போகலாம். குழாயின் உட்சுவர் கிழியலாம். நன்றாக முடிந்தாலும் ஸ்டென்டுக்குள் மறுபடி சுருக்கம் வரும். துணிபோன்ற உறை போட்ட ஸ்டென்டுகளில் அது குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு வருடா வருடம் டாப்ளர் என்று ஸ்டென்டையே ஒரு நோயாளியைப்போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். வலியில் எடை இழந்து வாடுகிறவருக்கு இத்தனையும் தகும். அவர்களுக்குத் தள்ளிப்போடவே கூடாது, வாரக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அந்த ஆபத்தைக் கொண்டுபோய் வைக்க நமக்கு வலுவான காரணம் வேண்டும்.

இரவுப்பணி

நான் டயாலிசிஸ் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

எங்களிடம் வரும் ஒரு பெரியவருக்கு டயாலிசிஸ் நடக்கும்போது பிபி இறங்கினால் தொப்புளைச் சுற்றி வலி வரும். மெஷினில் தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்து, காலைத் தூக்கி வைத்தால் போய்விடும். நாலைந்து முறை பார்த்த பிறகு சீனியர் டாக்டரிடம் சொன்னேன். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தால் எஸ்எம்ஏ வாய் நூல்போல இருந்தது. வெளியில் இருக்கும்போது அவருக்கு எந்த வலியும் கிடையாது. ரத்த அழுத்தம் இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் குறுக்கு மடையிலும் தண்ணீர் வற்றுகிறது.

அதனால் வைகைக்கரை அண்ணா, அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து உடம்பு வற்றினால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். பிபி மாத்திரையை அந்த நாட்களில் எப்படிப் போடுவது என்று முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் எர்கோட்டமின், சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் இரண்டும் ரத்தக்குழாயைச் சுருக்குபவை. மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்க வேண்டாம்.

பழைய ஸ்டெத்

சிஸ்டர், உங்களைப்போல ஒருவர் பக்கத்தில் இருந்தது அந்தப் பெரியவருடைய பாக்கியம்.

இதையொட்டி எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று. இந்தச் சுருக்கம் சும்மா இருக்கும்வரை சும்மா இருக்கும். வேறொரு அறுவை சிகிச்சையில் குறுக்கு மடையை யாராவது கட்டிவிட்டால்தான் வினை. பெருந்தமனி வீக்கத்துக்கு உள்ளே குழாய் வைத்துச் சரிசெய்யும்போது ஐஎம்ஏவின் வாய் பெரும்பாலும் மூடிப்போகும். மேலே இரண்டும் நன்றாக இருப்பவருக்கு அதனால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. மேலே இரண்டும் சுருங்கியவருக்கு அந்த ஐஎம்ஏதான் உயிர்நாடி. கணையத் தலையை எடுக்கும் அறுவையிலும் அப்படித்தான். சீலியாக் சுருங்கியவருக்குக் கல்லீரல் ரத்தமே கணைய வளையம் வழியாக வந்துகொண்டிருக்கும். அங்கே வழக்கமாகக் கட்டிவிடும் ஒரு தமனியைக் கட்டினால் கல்லீரல் தவித்துப்போகும். பெருங்குடலில் புற்றுக்காக ஒரு பகுதியை வெட்டினாலும் டிரம்மண்ட் தமனி அறுபடும்.

எனவே அந்த ஸ்கேன் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். அப்பாவுக்கு நாளைக்கு எந்த வயிற்று அறுவை சிகிச்சை என்றாலும், மயக்க மருந்து டாக்டரிடமும் அறுவை மருத்துவரிடமும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

ஐயா, ஒரு சந்தேகம், மனசு கேட்கவில்லை. நேற்று ராத்திரி அப்பா இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். எப்போதும் நாலு சாப்பிடுவார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். இன்றைக்குக் காலையிலும் பாதிதான். கேட்டால் "போதும், விடு" என்கிறார். ஆரம்பித்துவிட்டதா?

பழைய ஸ்டெத்

பதறாதீர்கள். அவரை உட்கார வைத்து, மற்றவர்கள் சுற்றி நிற்காமல், நீங்கள் ஒருவர் மட்டும் கேளுங்கள். பசி இருக்கிறதா? பசி இருந்தும் சாப்பிடப் பயமாக இருக்கிறதா? சாப்பிட்டுக் கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வலி வந்ததா? கொஞ்சமாகச் சாப்பிட்டால் வலி வராமல், நிறையச் சாப்பிட்டால் வருகிறதா? மலம் இளகிப் போகிறதா? பழைய வேட்டி, சட்டை, பெல்ட் தளர்ந்திருக்கிறதா? பசியே இல்லை என்றால் அது வேறு கதை, அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். பசி இருந்தும் தட்டைப் பார்த்துப் பின்வாங்குகிறார் என்றால் உடனே சொல்லுங்கள்.

எடை பாருங்கள். ஒரே தராசில், ஒரே நேரத்தில்.

வைகைக்கரை

கேட்டேன் ஐயா. முதலில் சொல்ல மாட்டேன் என்றார். அப்புறம் வாயைத் திறந்து காட்டினார். கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது, ஈறு வீங்கியிருக்கிறது. "ஏற்கெனவே என்னால் உங்களுக்கு எத்தனை செலவு, இதையும் சொல்லி எதற்கு இன்னொரு டாக்டர்" என்று மென்றுகொண்டிருந்திருக்கிறார். நாளைக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். எடை 61.4. கல் எடுக்கும்போது ஆஸ்பத்திரியில் எழுதியது 61. வயிற்றுவலி எதுவும் இல்லை.

இன்னொன்றும் கிடைத்தது. எடை பார்க்கச் சட்டையைக் கழற்றியபோது பையில் தீப்பெட்டி. நிறுத்தவில்லை. நாலு வருடமாக நிறுத்தியதாகச் சொன்னதெல்லாம் எங்களுக்காகத்தான். ஒரு நாளைக்கு மூன்று, நாலு பீடி. அவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து எனக்குக் கோபமே வரவில்லை.

பழைய ஸ்டெத்

கோபப்படாதது நல்லது. திட்டினால் மறுபடி ஒளித்துப் பிடிப்பார். நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச் எல்லாம் இருக்கிறது. டாக்டரிடம் இந்த உண்மையைச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

இத்தனை நாள் நாம் குடலையே பேசிக்கொண்டிருந்தோம். இப்போது நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்ஏ வாயில் படிந்த கொழுப்பும் கால்சியமும் அங்கே மட்டும் வந்து உட்காரவில்லை. அதே சரக்கு இதயத்திலும், கழுத்திலும், காலிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அறிகுறியில்லாத குடல் தமனிச் சுருக்கம் உள்ளவர்களை நான் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் நான் இழந்தவர்கள் பெரும்பாலும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும், பீடி, சிகரெட் கொண்டுவந்த நுரையீரல் நோயிலும் போனவர்கள். குடலால் போனவர்கள் மிகக் கொஞ்சம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல், பிபி கட்டுப்பாடு, பீடியை விடுவது. அப்பாவின் ஆயுளை நீட்டப்போவது இவைதான். எல்டிஎல் கொலஸ்ட்ரால் 70-க்குக் கீழே வர வேண்டும், 55-க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. ஒரு இசிஜியும் எக்கோவும் எடுங்கள். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று குடல் தமனி அடைப்பவர்களில் பலருக்கு அடைக்கும் ரத்தக்கட்டி இதயத்திலிருந்து மிதந்து வந்ததாக இருக்கும். அவர்களுக்குச் சுருக்கமே இருக்க வேண்டியதில்லை.

நடக்கும்போது கெண்டைக்காலில் வலி உண்டா?

செம்பருத்தி

டாக்டர், நான் ஆரம்பத்தில் எழுதியது அந்தக் குடும்பத்தைப் பயமுறுத்திவிட்டது என்று தோன்றுகிறது. ஸ்டென்ட் வைத்திருந்தால் அம்மா இருப்பார் என்று பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது தவறான நினைப்பா?

பழைய ஸ்டெத்

தவறு இல்லை அம்மா. உங்கள் தாயாருக்கு அந்த எட்டு மாதத்தில் ஸ்டென்டோ பைபாஸோ செய்திருந்தால் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. 1936-லேயே டன்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர் குடல் கருகி இறந்த 12 பேருடைய கதையைத் திரும்பிப் பார்த்தார். 7 பேருக்கு முன்னாலேயே திரும்பத் திரும்ப வயிற்றுவலி இருந்திருக்கிறது. குடல் முன்னறிவிப்புக் கொடுக்கிறது என்பது மருத்துவ உலகத்துக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் தாயாருக்கும் கொடுத்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அதில் மகளாக நீங்கள் செய்யத் தவறியது எதுவும் இல்லை. ரவிக்கை தளர்ந்ததைக் கவனித்தவர் நீங்கள்தான்.

உங்கள் பதிவு பயமுறுத்தியது என்று நினைக்காதீர்கள். எந்த அடையாளத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கடைசி ராத்திரியும் முக்கியம். வலி உயிரை வாங்கும், ஆனால் தொட்டால் வயிறு மெத்தென்று இருக்கும். அதுதான் ஆரம்பக் கட்டத்தின் அடையாளம். வயிறு பலகைபோல விறைப்பதற்குக் காத்திருந்தால் குடல் செத்திருக்கும். அந்த நிலையில் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரிப்போர்ட் வரட்டும் என்றுகூட நிற்காமல் சிடி ஆஞ்சியோ எடுக்க வேண்டும். சின்ன ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல், சிடி ஆஞ்சியோவும் ரத்தநாள அறுவை மருத்துவரும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும்.

வைகைக்கரை (ஐந்து மாதம் கழித்து)

எல்லோருக்கும் வணக்கம். என்ன ஆயிற்று என்று மூன்று பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள்.

ஐயா கெண்டைக்கால் வலி பற்றிக் கேட்டீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அப்பா தினமும் டீக்கடைக்கு நடந்து போவார். போகும் வழியில் ஊருணிக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மீன் பார்க்கிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தோம். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஒரு நாள் கூடவே நடந்தேன். அதே இடத்தில் நின்றார். இடது காலை மாற்றி மாற்றி ஊன்றினார். "வாதம்தான், நின்றால் விட்டுவிடும்" என்றார். கணுக்காலில் பிபி பார்த்தபோது, கையில் இருப்பதோடு ஒப்பிட்டால் இடது காலில் 0.68 மடங்குதான், அதாவது அந்தக் காலுக்கும் ரத்தம் குறைவாகப் போகிறது. ரத்தநாள டாக்டர் வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொன்னார். இப்போது ஊருணியைத் தாண்டி ரேஷன் கடை வரைக்கும் நிற்காமல் போகிறார்.

எக்கோ நன்றாக இருக்கிறது. நாடி ஒழுங்காகத் துடிக்கிறது. எல்டிஎல் 138 இருந்தது, 64 ஆகியிருக்கிறது. வெறும் வயிற்றில் போய் டாப்ளர் செய்தோம். எஸ்எம்ஏவில் ரத்த வேகம் முதல் முறை விநாடிக்கு 310 சென்டிமீட்டர், போன வாரம் 305. 275-க்கு மேல் என்றால் 70 சதவீதச் சுருக்கம் என்று டாக்டர் விளக்கினார். கூடவில்லை என்பதே போதும் என்றார். எடை 62. அந்தப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, நாலு இட்லி மறுபடி வந்துவிட்டது. பீடி மூன்று மாதமாக இல்லை. இந்த முறை அவரே தீப்பெட்டியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். இடையில் ஒரு வாரம் தவறினார், அதையும் அவரே சொன்னார்.

பழைய ஸ்டெத்

நல்ல செய்தி. அடுத்த டாப்ளர் எப்போது என்று உங்கள் டாக்டர் சொல்வார், அறிகுறி வராவிட்டால் ஒரு வருடத்தில் போதும் என்றுதான் சொல்லக்கூடும். நடையை விட வேண்டாம். சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்துவிடுங்கள் என்று முன்பே எழுத நினைத்தேன்.

வைகைக்கரை

வைத்திருக்கிறார் ஐயா. நான் தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன், வேண்டாம் என்று அவரே கைப்பட எழுதினார். பஸ் பாஸ் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"எனக்குக் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் இரண்டில் சுருக்கம் உள்ளது. மூன்றாவது குழாய் நன்றாக உள்ளது, அதைக் கட்ட வேண்டாம். திடீரென்று தாங்காத வயிற்றுவலி வந்தால் வயிறு மெத்தென்று இருந்தாலும் உடனே சிடி ஆஞ்சியோ எடுக்கவும். என் மகன் நம்பர் பின்புறம்."

செம்பருத்தி

தம்பி, இதை நான் எழுதி எடுத்துக்கொள்ளலாமா? பெரியம்மாவுக்கு வயது 74. போன மாத ஸ்கேனில் அவருக்கும் சுருக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை குழாய் என்று நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.